'கேப்டன்' தாத்தா ஊருக்குத் திரும்பினாரா, இங்கேயே செத்தாரா? இங்கிலாந்துப் பக்கம் தேட உதவி வேண்டும்

தங்கவயல் பேரன் (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூர்வீகம் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் லைன் வீடு. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு, மற்றவர்களைப் போல நாங்களும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு வந்தவர்கள்தான். என் ஆயாவின் அம்மாவுக்கு அப்பா ஒரு வெள்ளைக்காரர். கொள்ளுப்பாட்டி பிறந்தது 1899. அவருடைய அம்மா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். முறைப்படி கல்யாணம் நடந்ததா என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த மனுஷனை 'கேப்டன்' என்றுதான் சொல்வார்கள். கொள்ளுப்பாட்டிக்கு ஒன்பது வயதில் அவர் இல்லாமல் போனார். இந்த 'இல்லாமல் போனார்' என்பதில்தான் சண்டையே. ஆயா சாகிறவரைக்கும் "கப்பலேறி ஓடிப்போனவன் பேச்சை எடுக்காதே" என்பார். ஆயாவின் தங்கை, சின்ன ஆயா, "அதெல்லாம் இல்லடா, இங்கேயே நெஞ்சு அடைச்சு செத்தாரு" என்பார். இரண்டு பேரும் இதற்காக ஒரு பொங்கலுக்குப் பேசாமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கையில் இருப்பது ஒரே ஒரு பொருள். உள்ளங்கை அளவு ஞானப்பாட்டுப் புத்தகம், கறுப்புத் தோல் அட்டை, வலது கீழ் மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அட்டையின் உட்பக்கம் பூ வேலைப்பாடு போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கொடுத்தது, 1877. மையில் அவர் முழுப்பெயர், அதற்குக் கீழே ஊர்ப்பெயர் 'டக்கிங்' வரை இருக்கிறது, அப்புறம் ஓட்டை. குடும்பப் பெயர் 'ட்ரெ' என்று ஆரம்பிக்கும். அந்தப் பெயரில் உயிரோடு இருப்பவர்கள் இருக்கலாம், அதனால் பொதுவில் முழுசாகப் போடவில்லை.

ஆயா அவர் ஊரை 'காம்பரன்' என்பார். எங்கள் மாமா ஒருவர் "அது கேம்பிரிட்ஜ், ஆயாவுக்கு வாய் வரல" என்று திருத்தி, ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் நாங்கள் கேம்பிரிட்ஜ் கேப்டன் பரம்பரை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

நானும் அதை நம்பி இரண்டு வருஷம் ராணுவ அதிகாரிகள் பட்டியலாகப் புரட்டினேன். கேம்பிரிட்ஜ் மாவட்டத்தில் தேடினேன். அங்கே இருக்கும் ஒருவருக்குப் பணம் கட்டித் தேடச் சொன்னேன், அவர் இரண்டு நகல் அனுப்பினார்: அதே பெயரில் ஒரு படைத் தலைவர், ஆனால் கொள்ளுப்பாட்டி பிறப்பதற்குப் பதினோரு வருஷம் முன்பே செத்துப்போனவர். பணம் போனது போனதுதான்.

பெங்களூரை விட்டு நகராமல் இதைச் செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? அவர் போனாரா, செத்தாரா, அது தெரிந்தால் போதும்.

—

பழைய ஏடு (மாட்டுங்கா, மும்பை)

சார், உங்கள் மாமா மேல் எனக்குக் கோபமே இல்லை, ஆனால் அவரைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். ஆயாவின் வாய் சரியாகத்தான் வந்திருக்கிறது. அது கேம்பர்ன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் இருக்கும் சுரங்க ஊர். 'டக்கிங்' என்று ஓட்டையில் பாதி போனது டக்கிங்மில், கேம்பர்னை ஒட்டிய ஊர். வெடி வைக்கப் பயன்படும் பாதுகாப்புத் திரியை 1831இல் வில்லியம் பிக்ஃபோர்ட் காப்புரிமை எடுத்து, அங்கேதான் தொழிற்சாலை வைத்துத் தயாரித்தார்கள். தங்கவயல்காரருக்குத் திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

'ட்ரெ' இன்னொரு சாட்சி. கார்னிஷ் மொழியில் குடியிருப்பு, ஊர் என்று பொருள், நம்ம பட்டி, பாடி மாதிரி. ட்ரெ, போல், பென் என்று ஆரம்பிக்கும் பெயரைப் பார்த்தாலே கார்ன்வால் என்று அந்த நாட்டில் சொல்லிவிடுவார்கள். (அங்கே யாருக்காவது கடிதம் எழுதும்போது "உங்கள் இங்கிலீஷ் குடும்பம்" என்று எழுதிவிடாதீர்கள், கார்னிஷ் என்றே எழுதுங்கள். நான் ஒரு தடவை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இப்போது கேப்டன். கார்ன்வால் சுரங்கத்தில் கேப்டன் என்றால் சுரங்கத்துக்குள் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், நம்ம ஊர் மேஸ்திரிக்கு மேலே, மேனேஜருக்குக் கீழே. துப்பாக்கியே தொடாதவர். 1860களில் அங்கே தாமிர விலை விழுந்தது, பிறகு வெள்ளீயமும் படுத்தது, ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். கோலாரில் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கார்ன்வால் ஆட்களை வரிசையாகக் கொண்டுவந்தது. நீங்கள் ராணுவப் பட்டியலில் இருபது வருஷம் தேடினாலும் கிடைத்திருக்காது.

தேடும் முறை: பின்னோக்கிப் போங்கள். 1877இல் பரிசு வாங்கியவர் அநேகமாக 1865 முதல் 1868க்குள் பிறந்திருப்பார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1. ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் தன்னார்வலர்கள் அட்டவணையை எழுத்தெழுத்தாக ஏற்றி வைத்திருக்கிறார்கள், காசு வேண்டாம். ஆனால் அங்கே 'கேம்பர்ன்' என்று தேடினால் ஒன்றும் வராது. கேம்பர்ன் ரெட்ரூத் பதிவு மாவட்டத்துக்குள் வரும், அட்டவணையில் 'ரெட்ரூத் 5சி' என்றுதான் இருக்கும் (5சி என்பது தொகுதி எண்). இது தெரியாமல் நிறையப் பேர் சரியான ஆளைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, மார்ச் காலாண்டு என்று போட்டிருந்தால் அது பதிவு செய்த காலாண்டு. பிறப்பைப் பதிய ஆறு வாரம் அவகாசம் உண்டு, அதனால் குழந்தை முந்தின டிசம்பரில் பிறந்திருக்கலாம்.

ஒரே பெயரில் நாலு பையன்கள் வருவார்கள், பயப்படாதீர்கள். அந்த ஊரில் ஜான், வில்லியம், தாமஸ் தவிர வேறு பெயரே கிடையாதோ என்று தோன்றும். அரசுப் பதிவு அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் 1837இலிருந்தே இருக்கிறது, ஃப்ரீபிஎம்டியில் இருக்கும் பழைய அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். பையன்களைப் பிரித்துப் பார்க்க அது நல்ல வழி. அப்புறம் ஒவ்வொரு பையனும் பிழைத்தானா என்று இறப்பு அட்டவணையில் பாருங்கள். இரண்டு வயதில் போன குழந்தைக்கு வம்சம் கட்டி வைத்திருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

1881 கணக்கெடுப்பின் எழுத்துப்படி ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். ஏப்ரல் 3 இரவு யார் எந்த வீட்டில் படுத்திருந்தார்கள் என்று இருக்கும்.

—

மாரிக்குப்பம் மணி (தங்கவயல்)

நம்ம ஊர் ஆளா! என்னண்ணா, கேப்டன்னா யாருன்னு சாம்பியன்ல எந்தப் பெருசைக் கேட்டிருந்தாலும் ஒரு டீ செலவுல சொல்லியிருப்பாங்களே. எங்க தாத்தாவே ஒரு கேப்டன்கிட்ட அறை வாங்கினவர்தான்.

—

அல்சூர் அக்கா (பெங்களூரு)

மும்பைக்காரர் நன்றாகச் சொல்லிவிட்டார், நான் வேறொன்று சொல்கிறேன் தம்பி. யாரிடம் எப்படிக் கேட்பது என்று.

நான் பத்து வருஷமாக கல்பள்ளி, ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் படம் எடுத்து அனுப்புகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி "என் முன்னோர் இந்தியாவில் இருந்தார், கண்டுபிடித்துத் தாருங்கள்" என்றிருக்கும். இதற்கு நான் என்ன பதில் எழுத? இன்னும் சிலர் எட்டுப் பக்கத்துக்கு வம்சக் கதை எழுதி, கேள்வியை எட்டாம் பக்கத்தில் வைப்பார்கள். பெயர், வருஷம், ஊர், அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, இதுவரை எங்கெல்லாம் பார்த்தாயிற்று, இதோடு ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினவருக்கு அந்த வாரமே பதில் போட்டிருக்கிறேன். வீட்டில் சொன்ன கதையைக் கதை என்று தனியாகச் சொல்லுங்கள். "ஆயா சொன்னது" வேறு, "சீட்டில் எழுதியிருப்பது" வேறு.

கார்ன்வாலில் இணையவழிப் பங்குக் குருமார்... எப்படிச் சொல்வது, ஆன்லைன் பாரிஷ் கிளார்க் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயர்தான் அப்படி, கோவில் வேலை இல்லை. ஒவ்வொரு பங்குக்கும், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்ப் பகுதிக்கும், ஒரு தன்னார்வலர், அந்த ஊர்ப் பதிவேடுகளை எழுதி எழுதி இலவசத் தரவுத்தளத்தில் ஏற்றுவார், கேட்டால் பார்த்தும் சொல்வார். கேம்பர்னுக்கு யார் என்று பார்த்து எழுதுங்கள். ஆனால் உங்கள் ஆள் ஞாயிறு பள்ளியில் பாட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறார் என்றால் வெஸ்லி வழி மெதடிஸ்டாக இருக்கலாம், அந்தச் சுரங்க ஊர்களில் முக்கால்வாசி அப்படித்தான். அப்போது ஞானஸ்நானம் ஆங்கிலிக்கன் கோவில் ஏட்டில் இல்லாமல் போகலாம், மெதடிஸ்ட் சர்க்யூட் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஏட்டிலும் தேட வேண்டும். இதையும் சேர்த்துக் கேளுங்கள். மூல ஏடுகள் ரெட்ரூத்தில் கிரெசன் கெர்னோ என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பழைய மதுபானத் தொழிற்சாலையை மாற்றி 2019இல் திறந்தது.

இந்தியப் பக்கத்துக்கு ஃபிபிஸ். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களுக்கான சங்கம், 1998இல் ஆரம்பித்தது, தேடுதல் இலவசம். இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள், அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வங்காளம் என்1, மதராஸ் என்2, பம்பாய் என்3. மைசூர் சமஸ்தானம் ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம், நம்ம பக்கத்துக்கு மதராஸ் வரிசையைப் பாருங்கள். கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நானம் கிடைத்தாலும் அப்பா பெயர் இல்லாமல் இருக்கலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, சும்மா வாங்காதீர்கள். உங்களால் என்ன செய்து தர முடியும் என்றும் எழுதுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு தங்கவயலில் ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

—

தங்கவயல் பேரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா சொன்னபடி ஐந்து வரியில் எழுதினேன், இரண்டாம் நாளே பதில் வந்தது. ரெட்ரூத் 5சியில் அதே பெயரில் மூன்று பையன்கள். ஒருவன் பதினாலு மாதத்தில் போய்விட்டான். ஒருவன் 1881இல் வேறு பங்கில் விவசாயக் கூலி. மூன்றாமவன் டக்கிங்மில்லில், அப்பா சுரங்கத் தொழிலாளி, இவனும் பதினைந்து வயதில் 'வெள்ளீயச் சுரங்கம்' என்று பதிந்திருக்கிறது. வெஸ்லி சபை ஞானஸ்நானத்தில் அம்மாவின் பெயரும் பொருந்துகிறது. ராத்திரி ஒரு மணிக்கு இதைப் பார்த்துவிட்டு மனைவியை எழுப்பிச் சொன்னேன், "காலையில் சொல்லக்கூடாதா" என்றாள்.

ஆனால் ஒரு சங்கடம். 1889இல் ரெட்ரூத் மாவட்டத்தில் அதே பெயரில் ஒரு திருமணம் இருக்கிறது. அது இவர்தானா?

—

பழைய ஏடு

திருமணத்துக்குச் சான்றிதழே வரவழைக்க வேண்டும். பிறப்பு, இறப்புக்குக் கிடைக்கிற மலிவான கணினிப் படம் திருமணத்துக்குக் கிடையாது. அதில் மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும், மாப்பிள்ளையின் அப்பா 1881 வீட்டுக்காரரோடு பொருந்தினால் இவர்தான். (அம்மா பெயரைத் தேடாதீர்கள். அந்த நாட்டுத் திருமணப் பதிவில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதம்தான். நாம்தான் பின்தங்கியவர்கள் என்பார்கள்.)

சான்றிதழ் வருவதற்குள் இரண்டு வேலை. 1901 கணக்கெடுப்பில் அந்தப் பெண்ணைத் தேடுங்கள். குடும்பத் தலைவி என்று போட்டு, விதவை என்று போடாமல் திருமணமானவர் என்று போட்டிருந்தால் புருஷன் கடல் தாண்டி இருக்கலாம் என்று அர்த்தம், கார்ன்வாலில் தெருவுக்குத் தெரு அப்படி இருந்தார்கள். அப்புறம், உயில் அட்டவணை. 1858இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயில், சொத்துரிமை வழங்கிய எல்லாவற்றுக்கும் வருஷவாரியாக அச்சிட்ட பட்டியல் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாட்டில் செத்தவரும் ஊரில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்தால் அதில் வந்திருக்கலாம். எங்கே, எந்தத் தேதியில் செத்தார், சொத்துரிமையை யாருக்கு வழங்கினார்கள், எல்லாம் நாலு வரியில் இருக்கும். பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கணக்குப்படி 1908, 1909 இரண்டையும் பாருங்கள்.

—

தங்கவயல் பேரன்

பார்த்தேன்.

1909 பட்டியலில் இருக்கிறார். டக்கிங்மில்லைச் சேர்ந்தவர், 1908இல் கோலார் தங்கவயலில் இறந்தார், சொத்துரிமை வழங்கியது விதவைக்கு. விதவையின் பெயர் 1889 திருமணத்தில் இருக்கும் பெயரேதான். 1901இல் அந்த அம்மா டக்கிங்மில்லில் இரண்டு பிள்ளைகளோடு, 'தலைவி, திருமணமானவர்'. அதே வருஷம் இங்கே கொள்ளுப்பாட்டிக்கு இரண்டு வயது.

மதராஸ் வரிசையில் அடக்கப் பதிவும் கிடைத்துவிட்டது. வயது 42, தொழில் சுரங்கக் கேப்டன், இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் நுரையீரல் நோய். பாறை துளைத்த தூசி. சின்ன ஆயா சொன்ன 'நெஞ்சு அடைச்சு'.

அப்போ அவர் ஓடிப்போகவில்லை. ஆயா இருந்திருந்தால் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் போய்விட்டது. ஓடிப்போகவில்லை ஆயா, ஆனால் அங்கே ஒரு பெண்டாட்டி இருந்தாள் என்றா? எதற்கு அதிகம் திட்டுவார் என்று தெரியவில்லை.

—

லோதி காலனி (தில்லி)

டிஎன்ஏ பரிசோதனை செய்துவிடுங்கள் சார். உங்கள் அம்மா இருக்கிறார் என்றால் அவரையே செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குக் கேப்டனிடமிருந்து வந்தது சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்கு, அம்மாவுக்கு அது இரண்டு மடங்கு. அந்த இரண்டு பிள்ளைகளின் வம்சத்தில் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் பொருந்தலாம். காகிதம் சொல்வது அவர் இங்கே செத்தார் என்பதை மட்டும்தான், அவர்தான் உங்கள் கொள்ளுப்பாட்டியின் அப்பா என்று இதுவரை எந்தக் காகிதமும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

—

அல்சூர் அக்கா

தில்லிக்காரர் சொல்வது நியாயம்தான். ஆனால் தம்பி, பொருந்தினால் அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள். "உங்கள் தாத்தாவுக்கு இங்கே இன்னொரு குடும்பம்" என்று முதல் கடிதத்திலேயே போட்டு உடைத்தவர்களுக்கு இரண்டாவது கடிதம் வந்ததில்லை. முதலில் கல்லறைப் படம், அப்புறம் சுரங்கம், அப்புறம் மெல்ல.

—

தங்கவயல் பேரன்

அக்கா, நீங்கள் சொன்னது நடந்தேவிட்டது. நான் என்ன செய்து தரட்டும் என்று அந்தத் தன்னார்வலரிடம் கேட்டிருந்தேன். நேற்று பதில். அவரிடம் ஆறு பெயர் கொண்ட பட்டியல் இருக்கிறதாம், எல்லாம் கேம்பர்ன் பக்கத்திலிருந்து கோலாருக்கு வந்து திரும்பாதவர்கள், யாருக்கும் கல்லறைப் படம் இல்லை. கேட்டவர்கள் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். நம்ம கேப்டன் அந்த ஆறில் மூன்றாவது. யார் கேட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேப்டன் எனக்கு என்ன உறவு என்று நானும் இன்னும் எழுதவில்லை.

வாரம் ஒரு தடவை தங்கவயலுக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலத்தில் நான் அந்தப் பழைய கல்லறைத் தோட்டச் சுவரை ஒட்டித்தான் நடந்திருக்கிறேன். உள்ளே போனதே இல்லை. மணி, சாவி யாரிடம் இருக்கும்?

—

மாரிக்குப்பம் மணி

சர்ச்ல சொல்லி வாங்கி வைக்கிறேன். சனிக்கிழமை முதல் ரயில்ல வாங்க, வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம். உள்ள முழுக்க உண்ணிச்செடி, இடுப்பு வரைக்கும் இருக்கும், பாம்பும் உண்டு, செருப்புல வந்துறாதீங்க. கத்தி என்கிட்ட இருக்கு. கல்லுல எழுத்து தெரியாது, ஒரு பாட்டில் தண்ணியும் மெத்துனு ஒரு பிரஷும் கொண்டாங்க, கம்பி பிரஷ் வேணாம், போன தடவை ஒருத்தர் சுரண்டிச் சுரண்டி இருந்த எழுத்தும் போச்சு. சாயங்காலம் சாய்வெயில்ல இன்னொரு தடவை படம் எடுக்கலாம், அப்போ எழுத்து நல்லா விழும். அப்படியே மதியம் வீட்ல சாப்பாடு, அம்மாகிட்ட சொல்லிட்டேன்.